அப்லேஷன் முடிந்த பிறகும் நெஞ்சு துள்ளுகிறதே, செய்தது வீணா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புளியரையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 59 வயது, சொந்த வயலில் நெல் போடுகிறவர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேல் அறை தாளம் தப்பித் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு என்று கண்டுபிடித்து, திருவனந்தபுரத்தில் அப்லேஷன் (தொடை வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டு, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுடும் சிகிச்சை) செய்து ஐந்து வாரம் ஆகிறது. ஆனாலும் ராத்திரி படுத்தால் நெஞ்சு துள்ளுகிறது, விட்டு விட்டு அடிக்கிறது. டாக்டர் "பேடிக்கேண்டா, மூணு மாசம் கழிஞ்ஞு நோக்காம்" (பயப்பட வேண்டாம், மூணு மாசம் கழித்துப் பார்க்கலாம்) என்று அனுப்பிவிட்டார். ஊரில் "சுட்டது சரியாப் பிடிக்கல" என்கிறார்கள். செய்தது வீணா, மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடுவது, சாரல் ஆரம்பித்தால் குற்றாலத்தில் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் டெக்னீஷியனாக 26 வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது செங்கோட்டையில் இருக்கிறேன். ஸ்க்ரீனில் ஓடும் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். அதற்கப்புறம் என் அத்தானுக்கே இந்த அப்லேஷன் நடந்தபோதுதான், மேசையில் படுத்திருந்தவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன பாடுபடுகிறார் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் அது எனக்குத் தெரியவே தெரியாது.

வீணா என்று ஐந்தாவது வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. காரணம் இதுதான். இதயத்தின் இடது மேல் அறைக்கு நுரையீரலிலிருந்து நான்கு ரத்தக்குழாய்கள் வருகின்றன. தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடும் பொறி பெரும்பாலும் அந்தக் குழாய்களின் வாய்க்குள்தான் இருக்கிறது என்று 1998-இல் பிரான்சில் போர்தோ நகரத்து மருத்துவர்கள் காட்டினார்கள். அதனால் குழாயின் வாயைச் சுற்றி வட்டமாகச் சுட்டு, அல்லது உறைய வைத்து, ஒரு வேலி போடுகிறார்கள். பொறி உள்ளே கிளம்பினாலும் வெளியே வர முடியாது.

அப்பாவுக்கு இதை வயலை வைத்தே சொல்லுங்கள். புதிதாக வரப்பு வைத்த அன்று மண் ஈரமாகத்தான் இருக்கும், அங்கங்கே கசியும். காய்ந்து இறுகின பிறகுதான் தண்ணீர் நிற்கும். இங்கேயும் சுட்ட இடம் முதலில் ரணம். வீங்கியிருக்கும். வீங்கிய தசை சும்மா இருக்காது, தொட்டதற்கெல்லாம் துள்ளும். அது ஆறி, தழும்பாகி, மின்சாரம் கடக்காத சுவராக மாற வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் அந்த நாட்களில் வரும் படபடப்பை வைத்து வெற்றி, தோல்வி என்று கணக்குப் போடுவதில்லை. முன்பெல்லாம் இந்தக் காலத்தை 3 மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024-இல் பல நாடுகளின் இதயத்துடிப்பு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து அதை 8 வாரமாகக் குறைத்தன. நம் பக்கத்தில் இன்னும் பல டாக்டர்கள் மூணு மாசம் என்றுதான் சொல்கிறார்கள், தப்பில்லை. சில வரப்பில் நண்டு வளை இருக்கும், காய்ந்த பிறகும் ஒழுகும். அதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொன்று. முன்பு 65, 70 என்று இருந்த நாடி இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 80, 85 என்று ஓடுகிறதா? பயப்பட வேண்டாம். இதயத்துடிப்பைத் தணிக்கும் மெல்லிய நரம்புகள் சில அந்தக் குழாய்களை ஒட்டியே இருக்கின்றன. சுடும்போது அவற்றுக்கும் சூடு படும். சில மாதங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். இதைச் சொல்லாமல் அனுப்பிவிடுவதால் எத்தனை பேர் தைராய்டு, ரத்தசோகை என்று ஒவ்வொரு லேபாக அலைகிறார்கள்! ஒருமுறை அவற்றைப் பார்ப்பது சரி, மாதாமாதம் வேண்டாம்.

இப்போது துள்ளலுக்கு வருகிறேன். "நெஞ்சு படபடங்குது" என்று நாம் சொல்வது ஒரு விஷயம் இல்லை, குறைந்தது மூன்று. அது எது என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, விட்டு விட்டு அடிப்பது. டக், டக், டக், பிறகு ஒன்றுமில்லை, பிறகு 'திக்'கென்று ஒரு பலத்த அடி. ஈசிஜி தாளில் இதைப் பார்த்தால் அழகாகப் புரியும். சீராக வரும் கோடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அவசரப்பட்டு முன்னாடியே வந்திருக்கும். அந்த நேரத்தில் இதயத்தில் ரத்தம் முழுக்க நிறைந்திருக்காது, அதனால் அந்த அடி மணிக்கட்டு வரைக்கும் எட்டாது. அதை அடுத்து சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் வந்து நிறையும், அடுத்த அடி அதைத் தள்ளும்போது நெஞ்சில் குத்துகிற மாதிரித் தெரியும். உங்கள் அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் அந்த 'திக்' உண்மையில் ஒழுங்கான அடிதான். தப்பான அடி அதற்கு முன்னாடியே சத்தமில்லாமல் வந்து போயிருக்கும். அப்லேஷனுக்குப் பிறகு முதல் வாரங்களில் இது மிகச் சாதாரணம். ராத்திரியில் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், அப்போது வேறு சத்தம் இல்லை, வேறு வேலையும் இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் விலா எலும்புக்கு நெருக்கமாக வரும், இன்னும் பலமாகக் கேட்கும். வலது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். சிரிப்பாக இருக்கலாம், பலருக்கு அதுவே போதும்.

இரண்டாவது, பழைய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே திரும்பி வருவது. நாடியைப் பிடித்தால் தாளமே இருக்காது. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக, மூன்று வேகமாக என்று கணக்கில்லாமல் ஓடும். இதுவும் இந்தக் காலத்தில் வரலாம், வந்து தானாக நின்றும் போகலாம். இப்போது வந்தது என்பதாலேயே நிரந்தரமாக வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் அடிக்கடி வந்தாலோ, எட்டு வாரத்தை நெருங்கும்போதும் வந்துகொண்டே இருந்தாலோ டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. நாடி வேகமாக இருக்கும், ஆனால் கடிகாரம் மாதிரிச் சீராக இருக்கும். உட்கார்ந்தாலும் 150, படுத்தாலும் 150, அரை மணி கழித்துப் பார்த்தாலும் அதே 150. பயத்திலோ நடையிலோ ஏறிய துடிப்பு என்றால் உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரே எண்ணில் ஆணி அடித்த மாதிரி நின்றால் அது ஃப்ளட்டர் என்கிற இன்னொரு வகையாக இருக்கலாம். சுட்ட தழும்பைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் வட்டமடிப்பதாலும் இது வரும். எண் 150-தான் என்றில்லை, 120-இலும் நிற்கலாம். "சீராத்தானே இருக்கு" என்று விட்டுவிடக்கூடாது, அன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும்.

நாடி பார்ப்பதைக் கையால் பழகுங்கள். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 60 விநாடி. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது தாளம் தப்பிய நாடிக்குச் சரிவராது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் பிபி மெஷினும் காட்டும் எண்ணை அந்த நேரத்தில் நம்ப வேண்டாம், எட்டாத அடிகளை அவை விட்டுவிடும்.

அத்தான் கதை இங்கே வருகிறது. டிஸ்சார்ஜ் ஆன கையோடு ஒரு ஆக்ஸிமீட்டர் வாங்கினார். சாப்பிடும்போதும் விரலில், டிவி பார்க்கும்போதும் விரலில். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் இருட்டில் தெரியும் என்று அக்கா சொல்வாள். 88 என்று காட்டினால் பயம், பயத்தில் 96, அதைப் பார்த்து இன்னும் பயம், 104. பத்தாவது நாள் அக்கா அதைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். பதிலுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அப்புறம் துள்ளல் வந்தால் மட்டும் எழுத வேண்டும்: மணி எத்தனை, எவ்வளவு நேரம், தாளம் எப்படி, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார், என்ன செய்துகொண்டிருந்தார். மூன்று வாரம் ஆனதும் நோட்டே பேச ஆரம்பித்தது. துள்ளல் வந்த ஏழு ராத்திரியில் ஐந்து ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும்! வயிற்றுக்கும் இதயத்துக்கும் போவது ஒரே நரம்பு, வயிறு நிறைந்து உப்பும்போது அதன் வழியாக இதயத்துடிப்பும் கலையும். ஏழு மணிக்கே இட்லியோ இரண்டு தோசையோ சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் படுத்தபோது பாதிக்கு மேல் குறைந்தது.

துள்ளல் இருக்கும்போதே எடுக்கிற ஒரு ஈசிஜி, நின்ற பிறகு எடுக்கிற பத்துக்குச் சமம். தென்காசிக்கோ செங்கோட்டைக்கோ ஓடி வந்து, பக்கத்து லேபில் எடுத்து, தாளிலேயே தேதியும் நேரமும் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்து டாக்டருக்கு அதைக் காட்டினால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதுவும் உதவும். ஆனால் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அரிசி டிரம்தான்.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை, அபிக்ஸபானோ, ரிவரோக்ஸபானோ, டாபிகாட்ரானோ, அசிட்ரோமோ எதுவானாலும், "துடிப்பு சரியாயிடுச்சு" என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. சுட்ட இடத்தின் உள்பரப்பு ரணமாக இருக்கும் வரை அங்கே ரத்தம் கட்டும். தாளம் சரியானாலும் மேல் அறை முழு பலத்தோடு சுருங்கச் சில வாரம் ஆகும், அதுவரை ரத்தம் தேங்கும். அதனால் துடிப்பு எப்படி இருந்தாலும் குறைந்தது 2, 3 மாதம் இந்த மாத்திரை உண்டு. அதற்குப் பிறகு தொடர்வதா வேண்டாமா என்பதை வயது, பிபி, சுகர், முன்பு பக்கவாதம் வந்ததா, இதயம் பலவீனமா என்பதையெல்லாம் கூட்டித்தான் முடிவு செய்வார்கள். துள்ளல் நின்றதா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

அத்தான் ஆறாவது வாரத்தில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். ஒரு மருந்துக்கடையில் "நிறுத்திப் பாருங்களேன்" என்றார்களாம். ஒன்பதாம் நாள் காலை, திண்ணையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. "என்ன ஆச்சு" என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொன்னார், வார்த்தை குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. "ஒண்ணுமில்ல" என்றார். நான் கேட்கவில்லை, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். பக்கவாதத்தின் முன்னோட்டம் என்றார்கள். தப்பித்தார். ஈறில் கசிந்தால் மென்மையான பிரஷ் வாங்குங்கள், டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரை அதுபாட்டுக்கு ஓடட்டும். மலம் கறுப்பாகப் போனாலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ அது வேறு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில்லறை விவரங்கள்: ரிவரோக்ஸபானைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. அசிட்ரோம் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை தவறக்கூடாது. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மெட்டோப்ரோலால் போன்ற துடிப்பைத் தணிக்கும் மாத்திரையைத் திடீரென்று விட்டால் நாடி எகிறும். தாளம் தப்பாமல் இருக்கக் கொடுக்கும் அமியோடரோன் சாப்பிடுகிறவர் என்றால் வயலில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள், தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. மருத்துவம் அந்தப் பக்கம், மருந்து வாங்குவது இந்தப் பக்கம். கேரளத்தில் எழுதிய பிராண்டு இங்கே கிடைக்காது, வேறு பெயரில் தருவார்கள். இடையில் காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் பிபிக்கு என்று ஒன்று எழுதுவார். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இப்படி இரண்டு டப்பாவிலிருந்தும் தினமும் சாப்பிட்டார். இரண்டுமே மெட்டோப்ரோலால். நாடி 44-க்கு இறங்கி, மயங்கி விழுந்த பிறகுதான் டப்பாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி, அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள்.

அரிஷ்டம், கஷாயம் விஷயமும் அப்படித்தான். தசமூலாரிஷ்டம் உடம்புக்கு நல்லது என்று ஆரியங்காவு தாண்டிப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்வோம். அரிஷ்டம் என்றாலே புளிக்க வைத்தது, அதில் ஆல்கஹால் உண்டு. இருமலுக்குத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், பிபி ஏறும், இரண்டுமே துடிப்பைக் கலைக்கும். சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்குச் சேர்க்கும் மருந்துகளும் நெஞ்சை ஓட வைக்கும். கள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1987-இலிருந்து தடை என்பதால் அந்தப் பக்கத்துக் கள்ளுஷாப்புக்குப் போய்வருகிறவர்கள் நம் ஊரில் உண்டு. கள்ளோ பிராந்தியோ இந்த இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். சாயா, காப்பிக்கு நான் அவ்வளவு கறார் இல்லை. ஒன்றிரண்டு குடித்து நோட்டில் துள்ளல் ஏறாவிட்டால் விட்டுவிடுங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர் என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தூக்கத்தில் மூச்சு நிற்பது இந்த நோயைத் திரும்பக் கூப்பிடும். உடம்பு கனமும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், உடம்பில் பத்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்து அப்படியே காத்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு வெகுவாகக் குறைந்தது.

வயலுக்குப் போகலாமா? நடக்கலாம், மேற்பார்வை பார்க்கலாம். தொடையில் குழாய் விட்ட இடம் ஆறியிருக்கும், ஆனாலும் மூட்டை தூக்க இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். வெயிலில் வியர்த்து உடம்பு வற்றினாலும் துள்ளும், மோர் கொண்டுபோகட்டும். இளநீரும் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறோ, பொட்டாசியத்தை ஏற்றும் பிபி மாத்திரையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தினமும் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இதில் எது வந்தாலும் 108. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். பக்கவாதத்தில் மணிக்கணக்கு முக்கியம், கடைசியாக எந்த நேரத்தில் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை போட்டார் என்றும் சொல்ல வேண்டும். மற்றபடி எந்தத் தொல்லையும் இல்லாமல், ஓய்வில் நாடி 120-க்கு மேல் மணிக்கணக்கில் நின்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

அபூர்வமான ஒன்று, ஆனால் உங்கள் அப்பா இப்போது இருக்கும் வாரங்களில் வரக்கூடியது. இதயத்தின் மேல் அறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. சுட்ட சூடு அதில் பட்டு, சில வாரம் கழித்து இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுவது உண்டு. காய்ச்சல், நடுக்கம், விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி, புத்தி தடுமாறுதல் இவை அடையாளம். அப்லேஷன் முடிந்து இரண்டு மாதத்துக்குள் இப்படி வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று உள்ளூரில் ஊசி போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வாக்கியமாக "அப்லேஷன் செய்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்தச் சந்தேகம் இருக்கும்போது காற்றடித்துப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்யக் கூடாது, நெஞ்சு சிடி ஸ்கேன்தான் முதலில். இதைச் சொல்ல உங்களைவிட்டால் அங்கே ஆள் இருக்காது.

பைபாஸோ வால்வு ஆபரேஷனோ செய்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு வரும் படபடப்பின் கதை கொஞ்சம் வேறு, பெரும்பாலும் முதல் சில நாட்களில் வந்து வாரங்களில் அடங்கும். உலோக வால்வு வைத்தவர்கள், திருவனந்தபுரத்தில் உருவாக்கி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நம் சித்ரா வால்வு உட்பட, அசிட்ரோம் போன்ற மாத்திரையைத்தான் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைக்கு மாறக்கூடாது.

நண்டு வளைக்கு வருகிறேன். மூன்று மாதம் கழித்து ஹோல்டர் (நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் சின்ன மெஷின்) மாட்டிப் பார்க்கும்போதும் பழைய துடிப்பு வந்துகொண்டிருந்தால், வேலியில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். சிலருக்கு இரண்டாவது அப்லேஷன் தேவைப்படுகிறது, அந்த வளையை மட்டும் அடைப்பார்கள். முன்பு வந்து வந்து போனதா, மாதக்கணக்கில் நிலையாக நின்றதா என்பதும் முக்கியம். நிலையாக நின்றவர்களுக்கு ஒரே தடவையில் அடங்குவது கொஞ்சம் குறைவு. சிலருக்கு முழுசாகப் போகாது, ஆனால் வாரம் மூன்று முறை வந்தது வருஷத்துக்கு இரண்டு முறை ஆகும். அத்தானுக்கு அப்படித்தான். அவர் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை, கொல்லம் ரயிலில் பதிமூணு கண் பாலம் பார்க்கப் பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

குற்றாலம் இப்போது வேண்டாம். அருவி விழும் வேகம், வழுக்குப் பாறை, கூட்டத்தின் தள்ளுமுள்ளு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடி, இந்த நான்கும் சேரக் கூடாது. சில்லென்ற தண்ணீர் திடீரென்று தலையில் விழுந்தாலும் துடிப்பு கலையும். மூன்றாம் மாத ஹோல்டர் நன்றாக இருந்து, டாக்டரும் சரி என்றால், கூட்டமில்லாத வார நாளில் புலியருவி ஓரத்தில் முதலில் காலை நனைத்து, பிறகு மெல்ல நிற்கட்டும். இந்த சீசன் போனால் ஐப்பசியில் மழை வரும், அப்போதும் தண்ணீர் விழும்.

அப்பா இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் உள்பெயர்களையும், டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு குழாயும் சுட்டதாக எழுதியிருக்கிறதா என்பதையும், கடைசி ஈசிஜியின் தேதியையும் எழுதுங்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.